ஒரு பூச்சு கூடுதல்

ஆய்வகத்தில் அவளுக்குக் கரியக்கா என்று பெயர். கையுறை போட்டாலும் மணிக்கட்டில் எங்கேயாவது ஒரு கறுப்புத் தீற்றல் ஒட்டியிருக்கும். பூச்சு வேலை அவளுடையது. முறிந்த எலும்பில் ஒரு துண்டே காணாமல் போய்விட்டால், அந்த இடத்துக்குப் பொருந்தும்படி, கட்டடத்துக்குக் கட்டுகிற மாதிரி ஒரு குட்டிச் சாரத்தை எந்திரம் அச்சடித்துத் தரும். வெள்ளையாய், ஓட்டை ஓட்டையாய் இருக்கும். அதைக் கிராஃபீன் என்கிற நுண்ணிய கரி ஏடுகள் கலந்த கறுப்புத் திரவத்தில் முக்கி, உலர்த்தி, மறுபடி முக்கிக் கொடுப்பாள். அந்தப் பூச்சைப் பிடித்துக்கொண்டுதான் செல்கள் ஏறி எலும்பாக வளரும். எத்தனை தடவை முக்குவது என்று சுவரிலேயே எழுதி ஒட்டியிருந்தது. புதிதாக வந்தவர்கள் கை தவறினால், "இதென்ன சுவத்துக்கு அடிக்கிற சுண்ணாம்பா, இஷ்டத்துக்கு அப்புறதுக்கு?" என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பாள்.

பெற்றவர்கள் போன பிறகு தம்பியை ஆளாக்கியது அவள்தான். கட்டிக்கொண்டவன் ஒரு நாள் "நானா, அவனா?" என்று கேட்டான். அவன் பெட்டியை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டாள். அந்தத் தம்பி, பார்சல் கொண்டுபோகிற வழியில், லாரிக்கு அடியில் விழுந்தான். முழங்காலுக்குக் கீழே எலும்பு தூள் தூள். மருத்துவமனை அவனைச் சோதனைச் சிகிச்சையில் சேர்த்துக்கொண்டது. சாரத்தில் எலும்பு வளர்ந்தால் கால் தப்பும், இல்லாவிட்டால் எடுத்துவிட வேண்டியதுதான்.

சாரங்கள் பெயரில்லாமல்தான் அவளிடம் வரும். யாருடையது என்று தெரிந்தால் கை ஓரவஞ்சனை செய்யும் என்று அந்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான், பாழாய்ப் போக! ஒரு நாள் தட்டில் வந்த துண்டு லேசாக உள்பக்கம் வளைந்திருந்தது. சின்ன வயதில் தம்பி மதில் மேலிருந்து குதித்து முறித்துக்கொண்டு, கோணலாகவே ஒட்டிப்போன கால். மாவுக்கட்டோடு அவனை இடுப்பில் சுமந்தவளுக்கு அந்த வளைவு தெரியாதா?

ஒவ்வொரு சாரத்தோடும், செல்கள் வளர்கின்றனவா என்று ஆய்வகத்தில் சோதிக்க, அதே பொருளில் ஒரு சில்லையும் சேர்த்து முக்குவது வழக்கம். இரண்டையும் முறைப்படி முக்கி முடித்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் சாரத்தின் ஓரம் வெளுத்த மாதிரி பட்டது. ஊரார் பிள்ளைக்குக் கொடுத்த அதே அளவுதானா இவனுக்கும்? மனசு கேட்கவில்லை. சில்லை எடுத்து வைத்துவிட்டு, சாரத்தை மட்டும் இன்னொரு தடவை முக்கினாள். சோறு போடும்போதும் அவன் தட்டில் ஒரு கரண்டி கூடத்தான் விழும்.

சாரத்தைக் காலில் பொருத்தி வாரங்கள் போயும் எலும்பு இம்மியும் வளரவில்லை. சீழ் கோத்துக்கொண்டது. "சில்லுல செல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அவர் உடம்புதான் ஏத்துக்கல" என்றார் பெரிய டாக்டர்.

சில்லுக்குக் கொடுக்காத அந்த ஒரு பூச்சு அவள் நினைவுக்கு வந்தது. யாரிடமும் சொல்லாமல் ஒரு புதுச் சில்லுக்குப் பூச்சு கூடுதலாகக் கொடுத்து, அதில் செல்களை விட்டு வைத்தாள். சில நாள் கழித்து நுண்ணோக்கியில் பார்த்தாள். பூச்சு தடித்து, ஏடு ஏடாக உரிந்து, அந்த விளிம்புகள் செல்களைக் கிழித்துப் போட்டிருந்தன. ஒன்றும் உயிரோடு இல்லை. அடிப்பாவி, அடிப்பாவி என்று தன்னையே வைதுகொண்டாள்.

கால் எடுப்பதற்கு முந்தின நாள் தம்பியின் கட்டிலருகே உட்கார்ந்தவளுக்கு அழுகை நிற்கவில்லை.

"அழாதேக்கா. சிகரெட்டா ஊதித் தள்ளினேன்ல, அதான் புடிக்கல. நீ பாத்துப் பாத்து செஞ்சத நான் கெடுத்துட்டேன்."

தலையாட்டிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அவன் தன்னையே நொந்துகொள்வதைக் காதால் கேட்டுக்கொண்டு இருக்க முடியவில்லை.

"உன் மேல தப்பில்லடா. அது உன்னோடதுன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. உனக்குன்னு ஒரு தடவ கூட முக்கினேன். அதுதான் எல்லாத்தையும் கொன்னுடுச்சு."

அவன் போர்வை விலகிக் கிடந்த காலைப் பார்த்தான்.

"மத்தவங்களுக்கு?"

"அளவாத்தான்."

"அவங்கல்லாம் நடக்கிறாங்களா?"

"நடக்கிறாங்க."

போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டான். "நாளைக்கு நீ வர வேண்டாம்" என்றான்.

அவள் வந்தாள். அறுவை அறைக்கு அவனைத் தள்ளிக்கொண்டு போகிற தாழ்வாரத்தில், சுவரோடு ஒட்டி நின்றாள். அவளைக் கண்டதும் அவன் கண்களை இறுக மூடிக்கொண்டான்.