கரடிக்கு இட்ட பெயர்

அகராதிகளுக்கு மெய்ப்புப் பார்ப்பது என் பிழைப்பு. பர்மாவில், பசுந்தாங் பேட்டையில் நாலாவது மாடி வீடு. கரண்ட் வந்தால்தான் கணினி, கணினி வந்தால்தான் சோறு. அன்று காலை என் பக்கத்துக்கு வந்தது கரடி.

ஸ்லாவிய மொழிகளுக்கெல்லாம் மூலமான ஒரு பழைய மொழி. அதை எழுத்தில் யாரும் பார்த்ததில்லை. பிள்ளை மொழிகளை ஒப்பிட்டு அறிஞர்கள் மீட்டெடுத்த சொற்கள்தான் மிச்சம். அதில் கரடி 'மெத்வேதி'. தேன்தின்னி என்று பொருள். சொந்தப் பெயரைச் சொன்னால் கரடி வந்துவிடும் என்ற பயமாம். சொல்லாமல் சொல்லாமல் அந்தப் பெயரே அவர்கள் பேச்சிலிருந்து அழிந்துபோயிருக்கிறது.

எங்கள் வீட்டிலும் இதே கூத்துதான். ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் பட்டியலில் மகன் பெயர் வந்ததிலிருந்து அவன் வெளியே போவதில்லை. லைங் தாயா தொழிற்பேட்டையில் பார்த்த தையல் ஆலை வேலையும் போயிற்று. யாராவது கேட்டால் ஊரில் இல்லை என்போம். பாம்பைப் பூச்சி என்பார்களே, அதுபோல, பிடிக்க வருகிறவர்களை என் மனைவி 'பூச்சி' என்பாள். மகன் பெயரையும் வாய்விட்டுச் சொல்ல விடமாட்டாள். ஏழு மாதமாக அவன் வெறும் 'இந்தாப்பா'.

"பேரச் சொன்னா வந்துருவாங்களாக்கும்?" என்று எரிந்து விழுவேன். முன்கோபி நான்.

அன்று கரடியை முடித்துவிட்டு நிமிர்ந்தால், மகன் பட்டப்பகலில் பால்கனியில் நின்று லுங்கி காயப்போடுகிறான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முழுப் பெயரையும் சொல்லிக் கத்திவிட்டேன். எதிர் மாடிகளில் இரண்டு ஜன்னல்கள் சாத்திக்கொண்டன.

"பாவி மனுசா," என்றாள் மனைவி மெதுவாக.

கால் மணி நேரம் ஆகியிருக்கும். பால்கனியில் மணி ஆடியது. தெருவில் வருகிறவர்கள் மாடியைக் கூப்பிட இழுக்கும் கயிற்றில் கட்டிய மணி அது. கயிற்றின் கீழ் நுனியில் ஒரு கிளிப் இருக்கும், காய்கறிப் பையோ கடிதமோ மாட்டுவார்கள். மகன் அலமாரிக்குப் பின்னால் நுழைந்துகொண்டான். எட்டிப் பார்த்தேன். கீழே யாரும் இல்லை.

கயிற்றை இழுத்தேன். கிளிப்பில் ஒரு துண்டுக் காகிதம். பர்மிய எழுத்தில் என் மகன் பெயர் மட்டும். அக்கறையுள்ளவர் எச்சரிக்கையா, காட்டிக்கொடுப்பவன் மிரட்டலா, தெரியவில்லை. மகன் இங்கேதான் இருக்கிறான் என்று யாருக்கோ தெரிந்துவிட்டது, என்னால்.

அலமாரிக்குப் பின்னாலிருந்து, "யாருப்பா?" என்றான்.

"பூச்சி," என்றேன்.