நான்காவது புள்ளியில் நான் நடாத பீங்கான்

என் பழைய கைபேசியின் வரைபடத்தில் நான்கு நட்சத்திரக் குறிகள் இன்னும் இருக்கின்றன. முதுகலை முடித்து, விண்ணப்பங்களை அனுப்பிவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்த ஆண்டில் சேர்த்தவை அவை. விருத்தாசலத்தைச் சுற்றி ஏதேனும் ஓர் இடத்தின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் ஒரு செயலி தற்செயலாகப் பொறுக்கித் தரும். ஜி.பி.எஸ். துணையோடு அந்தப் புள்ளியைச் சென்றடைய வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. நூலகத்துக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு ஸ்கூட்டியில் தனியாகக் கிளம்புவேன். எந்த வேலையும் இல்லாத ஓரிடத்தை நோக்கிப் போன அந்தக் காலைகளின் இலேசான மனம், பிறகு எந்தப் பயணத்திலும் எனக்கு வாய்க்கவில்லை.

போன இடத்தில் ஓர் அடையாளம் விட்டுவர ஆசைப்பட்டேன். எங்கள் தெருவில் அதற்குப் பஞ்சமில்லை. சுற்றிலும் பீங்கான் பட்டறைகள். சூளையில் விரிசல் கண்ட பொம்மைகளையும் மின்சார ஃபியூஸ் கட்டைகளையும் கொட்டித்தான் தெருவின் பள்ளங்களை நிரப்புவார்கள். மழை பெய்த மறுநாள் ஒரு பொம்மையின் கன்னமோ ஒரு யானையின் காதோ மண்ணிலிருந்து வெள்ளை வெளேரென்று எட்டிப் பார்க்கும். அந்தக் குவியலிலிருந்து உள்ளங்கை அளவு ஃபியூஸ் கட்டைகளைப் பொறுக்கி வைத்துக்கொண்டேன். நல்லூர்ப் பக்கம் ஏரிக்கரையில் ஒன்று, எங்கள் மாவட்டத்து மங்களூருக்கு அருகே மக்காச்சோளக் கொல்லையின் ஓரத்தில் ஒன்று, மணிமுத்தாற்றின் கரையில் ஒன்று என மூன்றை நட்டிருந்தேன்.

நான்காவது புள்ளி ஸ்ரீமுஷ்ணம் சாலையிலிருந்து பிரியும் செம்மண் தடத்தின் முடிவில் விழுந்தது. புரட்டாசி மழை இரண்டு முறை பெய்து மண் பதமாக இருந்தது. வண்டியை நிறுத்திவிட்டுக் கைபேசியைப் பார்த்தபடியே ஒரு கொல்லைக்குள் நடந்தேன். வரிசையாகக் குழிகள் வெட்டியிருந்தார்கள். எதிலும் செடி இல்லை. பதினொரு மீட்டர் என்று திரை காட்டியபோது பையிலிருந்து பீங்கானை எடுத்தேன்.

"மேடம்! மேடம்! அந்தக் கல்ல எங்க கொல்லையில நட்டுடாதீங்க!"

வேப்பமரத்தடியிலிருந்து நாற்பது வயதுப் பெண் ஒருவர் ஓடிவந்தார். அவருடைய ஓரகத்தி இடுப்பில் கையை வைத்தபடி நிதானமாகப் பின்னால் வந்தார்.

"இது கல்லு இல்லைங்க. நான் சும்மா பாக்க வந்தேன்."

"பக்கத்துக் கொல்லையிலயும் அப்டிதாங்க சொன்னாங்க. செல்லப் பாத்துக்கிட்டே நடந்தாங்க. மறுநாளு வெள்ளக் கல்ல நட்டுட்டுப் போயிட்டாங்க. ரோடு வருதாம்."

மரத்தடியில் கறுப்புப் பைகளில் முந்திரி ஒட்டுக்கன்றுகள் நெருக்கியடித்து நின்றன. பக்கத்தில் அந்தக் கற்களைக் கண்ட நாளிலிருந்து கன்றுகளை அவர் நடாமல் வைத்திருந்தார். சில பைகளின் அடியைக் கிழித்துக்கொண்டு வேர் வெளியே வந்திருந்தது. நட்ட பிறகு நிலத்தை எடுத்துக்கொண்டால் கன்றும் உழைப்பும் போகும். நடாமல் விட்டால் மழைக்காலம் கடந்துவிடும், கன்றுகள் பையிலேயே காயும்.

"நடலாமா, வேணாமா? ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க மேடம்."

எந்த அலுவலகத்திலிருந்தும் நான் வரவில்லை என்று சொல்லி, கைபேசியைக் காட்டி விளையாட்டை விளக்கினேன். ஓரகத்தி உன்னிப்பாகக் கேட்டார்.

"பாத்தியாக்கா, நம்ம கொல்லையில புள்ளி வுழுந்துடுச்சாம். பெட்ரோலப் போட்டுக்கிட்டு அதப் புடிக்க வந்திருக்காங்க. படிச்சவங்களுக்குதான் இதெல்லாம் தோணும்."

"நீ செத்த சும்மா இருடி," என்றார் மூத்தவர். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

'நடுங்கள்' என்று ஒரு சொல் சொல்லிவிட்டு வந்திருக்கலாம். சொன்னவள் வண்டியேறிப் போய்விடுவாள். அதன் விளைவு அந்தக் கொல்லையில் தங்கிவிடும். ஆகவே விசாரித்துச் சொல்வதாகக் கூறி, நிலத்தின் சர்வே எண்ணைக் கேட்டேன். மனப்பாடமாகச் சொன்னார்.

திரும்பும் வழியில் முதல் மூன்று இடங்களும் நெஞ்சை உறுத்தின. அன்று மாலைக்குள் மூன்றுக்கும் போனேன். ஏரிக்கரையிலும் ஆற்றங்கரையிலும் பீங்கான்கள் இருந்தன, பிடுங்கி எடுத்துக்கொண்டேன். மங்களூர்க் கொல்லையோரத்தில் பீங்கானைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் ஒரு குழி இருந்தது, நான் தோண்டியதைவிட மும்மடங்கு ஆழமாக. அடியில் வேறு என்ன புதைத்திருக்கிறார்கள் என்று யாரோ தேடியிருக்கிறார்கள். மன்னிப்புக் கேட்கச் சுற்றிலும் ஆளில்லை. குழியை மூடிவிட்டு வந்தேன்.

தாலுகா அலுவலகத்தில் முதல் நாள், அந்தப் பிரிவைப் பார்ப்பவர் விடுப்பில் இருந்தார். இரண்டாம் நாள், சாலைக்காக எடுக்கப்படும் நிலங்களின் பட்டியலைக் காட்டினார்கள். மறுநாள் காலையில் நேராகக் கொல்லைக்குப் போனேன்.

"உங்க நம்பர் பட்டியல்ல இல்லைங்க. ரெண்டு தடவ பாத்தேன்."

"இனிமேயும் வராதுன்னு போட்டிருக்குதா?"

"அப்படிப் போடல. இன்னைய தேதிக்கு இல்ல. நாளைக்கு மாத்தினாங்கன்னா அது எனக்குத் தெரியாது."

மூத்தவர் ஒரு பையைத் தூக்கி, அடியில் நீண்டிருந்த வேரைத் தடவிப் பார்த்தார்.

"ஆளாளுக்கு ஒன்னு சொன்னாங்க. தெரியாதுன்னு நீ ஒருத்திதாம்மா சொல்ற." பிறகு ஓரகத்தியின் பக்கம் திரும்பினார். "பையக் கிழிடி. வெயிலு ஏறறதுக்குள்ள வச்சிடுவோம்."

கன்றுகளை நானும் தூக்கிக் கொடுத்தேன். பாதி வரிசை முடிந்தபோது ஓரகத்தி நிமிர்ந்தார்.

"உங்க புள்ளி என்னா ஆச்சு? அவ்ளோ தூரம் வந்ததுக்கு அதுல ஏறி நின்னுட்டாவது போங்க."

சேற்றுக் கையைத் துடைத்துக்கொண்டு, கைபேசியைப் பார்த்தபடி அன்று விட்டுப்போன பதினொரு மீட்டரையும் நடந்தேன். பூஜ்யம் என்று காட்டியது. இரண்டு குழிகளுக்கு நடுவே நின்றேன்.

"என்னா தெரியுது?"

"ஒன்னும் தெரியல."

"அதுக்குதான் இம்மாம் பாடா!" என்று அவர் சிரித்தார். மூத்தவரும் அப்போதுதான் சிரித்தார்.

இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கிறேன். ஏரிக்கரையிலும் ஆற்றங்கரையிலும் எடுத்தவையும் அன்று நடாமல் கொண்டுவந்ததுமாக மூன்று பீங்கான்கள் மேசைமேல் காகிதங்களை அழுத்திக்கொண்டிருக்கின்றன. எப்போதாவது அந்த நான்காவது நட்சத்திரத்தைத் தொட்டுச் செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பேன். நெடுநாள் அங்கே வெறும் செம்மண்தான் தெரிந்தது. அண்மையில் படத்தைப் புதுப்பித்திருக்கிறார்கள்: வரிசை வரிசையாகப் பச்சை வட்டங்கள், நான் நின்ற இடம் இரண்டு வட்டங்களின் இடைவெளியில். அதையொட்டி, வெள்ளைக் கல் நட்டிருந்த கொல்லையின் குறுக்கே சாலை ஒரு சாம்பல் கோடாகப் போகிறது. அந்தக் கொல்லை யாருடையது என்று அன்றைக்கு நான் கேட்கவே இல்லை.