ஜேம்ஸ் அண்ணனின் இடது கை

ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் எதிர்வீடு ஜேம்ஸ் அண்ணனுடையது. பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை. அதிகம் பேசமாட்டார், யார் வம்புக்கும் போகமாட்டார். அப்படிப்பட்ட மனுஷன் ஒரு மே மாத வெயிலில் முழுக்கைச் சட்டையோடு வேலைக்குக் கிளம்பினால் பார்க்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? பக்கத்து பிளாக் டில்லிபாபு இடது பக்கச் சட்டைக்கையைத் தூக்கிவிட்டுப் பார்த்துவிட்டான். தோளிலிருந்து மணிக்கட்டு வரை இங்கிலீஷில் ஏதேதோ எழுத்து.

"இன்னாண்ணா, இந்த வயசுல பச்சை குத்திக்கினியா?"

பச்சையும் இல்லை, மஞ்சளும் இல்லை. மகள் ஷர்மிளாவின் வேலை அது. பூந்தமல்லி பக்கம் பிசியோதெரபி படிக்கிறாள். உடற்கூறியலில் இரண்டு முறை அரியர். இந்த முறையும் போனால் படிப்பையே நிறுத்திவிடப் போவதாகச் சொல்லியிருந்தாள். அவள் சொன்னால் செய்கிறவள். வீடே பயந்துபோய்க் கிடந்தது.

கல்லூரியில் போனுக்கு ஒரு செயலி கொடுத்திருந்தார்கள். அது தசை, நரம்புப் படங்களைக் காட்டிப் பெயர் கேட்கும். தப்பாகச் சொன்னதைச் சீக்கிரமே திரும்பக் கேட்கும், சரியாகச் சொன்னதை நாள் தள்ளிக் கேட்கும். மறக்கப் போகிற நேரத்தில் கேட்டால்தான் மனதில் நிற்குமாம். ஷர்மிளா இதற்குத் தயாராகத்தான் அப்பாவின் கையில் ஸ்கெட்ச் பேனாவால் எல்லாப் பெயரையும் எழுதி, காலையும் மாலையும் பார்த்துப் பார்த்துப் படித்தாள். எழுதியிருப்பதைப் படித்தால் எல்லாம் தெரிந்த மாதிரிதான் இருக்கும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? பெயர் இல்லாத படத்தைச் செயலி காட்டியதும் வரிசையாகச் சிவப்புத் தப்புக்குறி.

"எனக்கு மண்டைல ஏறாதுப்பா. நின்னுக்கிறேன்," என்று அழுதாள். வாசல்வரை கேட்டது.

ஜேம்ஸ் அண்ணன் தேங்காய் எண்ணெய் தடவி, சோப்புப் போட்டு, தோல் சிவக்கச் சிவக்கக் கையைத் தேய்த்துக் கழுவினார். மகளின் எதிரே வந்து உட்கார்ந்து வெறுங்கையை நீட்டினார். போனைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார்.

"எழுதாத கண்ணு. தொட்டுச் சொல்லு. தப்பாச் சொன்னாலும் சொல்லு, அதுக்கப்புறம் போனப் பாக்கலாம்."

அவருக்கு ஒரு பெயரும் தெரியாது. டெல்டாய்டு என்றாலும் தலையாட்டுவார், மட்டன் கொத்துக்கறி என்றாலும் தலையாட்டுவார். போனில் விடையைத் திறந்த பிறகுதான் சிரிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வார். ஒருநாள் அவள் முழங்கையின் உள்பக்கம் அழுத்த, மனுஷன் துள்ளிவிட்டார்.

"ஐயோ, சுண்டு விரல் வரைக்கும் ஷாக் அடிக்குதும்மா!"

"அல்நார் நரம்புப்பா!" என்று கத்தினாள். அழுது ஓய்ந்த பெண் அன்று சிரித்ததைக் கேட்டு நின்றதில் எனக்கு அடுப்படியில் தோசை கருகிப்போனது. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதன்பிறகு சாப்பிடும்போதும், செய்தி பார்க்கும்போதும், தேவாலயத்துக்குக் கிளம்பும்போதும் அந்த இடது கை அவருடையதாகவே இல்லை. செயலி கேட்கிற நாளில் எங்கே இருந்தாலும் நீட்டிவிடுவார். அழுத்திய இடங்களில் கன்றிப்போயிருந்தது. "வலிக்கலையா அண்ணா?" என்று கேட்டேன்.

"வலிக்குதும்மா. ஆனா நான் வேற இன்னா சொல்லிக் குடுக்க முடியும், சொல்லு," என்றார்.

ரிசல்ட் வந்த சாயங்காலம் ஷர்மிளா படியேறி ஓடிவந்தாள். "பாஸ்ப்பா!"

அவர் நாற்காலியிலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். ஷர்மிளா தரையில் உட்கார்ந்து அவர் முழங்காலில் தலை வைத்துக்கொண்டாள்.

"படிப்ப நிறுத்தமாட்டல்ல கண்ணு?"

"மாட்டேம்ப்பா. அடுத்த வருசம் கால் பத்தி ஒரு பேப்பர் கீது."

ஜேம்ஸ் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குனிந்து பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டார்.