பங்களா வாசலில் இறங்கும் சைக்கிள்

சைக்கிள் ஓட்டுகிறவர்கள் வழியில் என்ன உணர்கிறார்கள் என்பதுதான் அந்த மாணவியின் ஆராய்ச்சி. புஞ்சாக் ஆலாம் பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்தாள். தன் ஹெல்மெட்டில் சின்னக் கேமராவை மாட்டிக்கொண்டு, நான் வேலை செய்யும் பள்ளிக் கேண்டீன் வரை மூன்று நாள் என் பின்னாலேயே ஓட்டி வந்தாள். பிறகு படத்தைப் போட்டுக் காட்டினாள்.

"ஆண்டி, மூணு நாளும் இதே எடத்துல எறங்கித் தள்ளுறீங்க. மேடுகூட இல்லையே, ஏன்?"

"நானா? சும்மா சொல்லாத லா!" என்று சண்டைக்குப் போனேன். அவள் மறுபடியும் ஓடவிட்டாள். நான்தான். தோட்டத்து மேனேஜர் பங்களா இருந்த இடம் அது. துரை வீட்டு வாசலைக் கூலிக்காரன் சைக்கிளில் உட்கார்ந்தபடி கடக்கக்கூடாது என்று ஒரு காலத்தில் சட்டம். அந்தச் சட்டம் போன பிறகும் அப்பா அங்கே இறங்குவார். பின் சீட்டிலிருந்து நானும் குதிப்பேன். இப்போது பங்களாவே இல்லை, எண்ணெய்க்கு நட்ட செம்பனை மரங்கள்தான் நிற்கின்றன.

எனக்கு வந்த ஆத்திரம் யார்மேல் என்று தெரியவில்லை. மறுநாள் அந்த இடம் வந்ததும் கால் தானாகத் தரையைத் தேடியது. பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன்.

அன்றும் பின்னால் வந்து எடுத்த படத்தை மாலையில் மாணவி பார்த்துவிட்டு, "இன்னிக்கு இந்த எடத்துல எழுத ஒண்ணும் இல்லையே, ஆண்டி" என்றாள்.

"அதத்தான் எழுது" என்றேன்.