காலி டியூப் போன ஆறு

என் அக்கா புருஷனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால், மூன்றாவது வார்த்தையிலேயே எனக்கு மூச்சு வாங்கும். பங்சர் கடைக்காரர். லாரி டியூபில் காற்றடித்துத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி வரும் இடத்தில் விரலை வைப்பார். வேலை சுத்தம்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் யாரிடமும் எதையும் கேட்க மாட்டார். கேட்டால் கிரீடம் இறங்கிவிடும். கல்யாணத்தன்று வழி கேட்காமல் வேறு யாரோ மண்டபத்தின் வாசலில் போய் இறங்கிய மாப்பிள்ளை அவர். அக்கா அதைச் சிரித்துக்கொண்டே சொல்வாள். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

குடும்பத்தோடு ஆற்றில் டியூபில் மிதக்கப் போகலாம் என்று கிளப்பியதும் அவர்தான். பெரிய பாலத்தடியில் ஒரு கைடு இருக்கிறான். டியூபும் மிதவைச் சட்டையும் கொடுத்து, கூடவே மிதந்து வந்து கரையேற்றிவிடுவான். அவன் என் அக்கா மகளை மேலும் கீழும் பார்த்தான்.

"சார், இவ்வளவு சின்னப் பிள்ளைய இந்தத் தண்ணியில நான் கூட்டிட்டுப் போக மாட்டேன். ரெண்டு வருஷம் போகட்டும்."

அவ்வளவுதான், மாமாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"ஆறு என்ன உங்கப்பன் வீட்டுச் சொத்தா? டியூபைப் பத்தி நீ எனக்குச் சொல்றியா? நானே நல்ல ஆறாப் பாத்துக் கூட்டிட்டுப் போறேன்டா!"

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமையானால் ஆறு தேடுவதே வேலையாகப் போயிற்று. ஒன்றில் கணுக்கால் அளவுகூடத் தண்ணீர் இல்லை. இன்னொன்றில் சாயக் கழிவு. மூன்றாவது அவருக்குப் பிடித்துவிட்டது. மேலே ஒரு காலி டியூபை விட்டுவிட்டுக் கரையோடு ஓடினாராம். அது எங்கும் நிற்காமல் கீழே வந்து சேர்ந்ததாம். மறுபடி விட்டாராம், மறுபடியும் வந்ததாம்.

"குமிழி வரலைன்னா பங்சர் இல்ல. டியூப் நிக்கலைன்னா உள்ள பாறை இல்ல. இதுக்கு எதுக்குடி கைடு?" என்று அக்காவிடம் பெருமையடித்தார். பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் சொல்லியாயிற்று.

போனோம். தண்ணீர் பார்க்க அமைதியாகத்தான் இருந்தது. மகளைத் தூக்கி முதல் டியூபில் உட்கார வைக்கப் போனார்.

"பாப்பாதான் முதல்ல போவா. போட்டோ எடுத்து அந்தக் கைடு பயலுக்குக் காட்டணும்."

நான் குறுக்கே போய் நின்றேன். "மாமா, நீங்க விட்டது காலி டியூப். ஆள் உக்காந்தா டியூப் அமுங்கும், காலு உள்ள தொங்கும். முதல்ல நீங்க போய்ச் சேருங்க, அப்புறம் அவ வரட்டும்."

"நீ போய் ஜாக்கெட் தைக்கிற வேலையப் பாரு. தண்ணிய நான் பாத்துக்கறேன்."

அவர் ஒரு கையைப் பிடித்து இழுக்க, நான் மறு கையை விடவில்லை. பிள்ளை "சித்தி, சித்தி" என்று அழுதது. அக்கா வழக்கம்போலத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் என்மேல் இருந்த எரிச்சலில், வீம்புக்குத் தானே ஏறி உட்கார்ந்தார்.

வளைவு வரைக்கும் ராஜா மாதிரி போனார். அங்கே தண்ணீருக்குள் ஒரு மரம் விழுந்து கிடந்திருக்கிறது. காலி டியூப் அதன் மேலே வழுக்கிக்கொண்டு போயிருக்கிறது. இவர் கால் கிளையில் மாட்டியது, டியூப் கவிழ்ந்தது, ஆளைக் காணோம். பிறகு ஒரு கை மட்டும் வெளியே வந்து, கரையிலிருந்து தாழ்ந்து தொங்கிய ஒரு கிளையைப் பிடித்தது. நானும் அக்காவும் ஓடிப் போய், ஒரு கொம்பை நீட்டி இழுத்துப் போட்டோம். முழங்காலுக்குக் கீழே சதை கிழிந்திருந்தது.

எனக்குப் பாவமாக இல்லை. அந்த இடத்தில் பிள்ளை இருந்திருந்தால் என்று நினைத்தபோது, திரும்பவும் உள்ளே தள்ளிவிடலாமா என்றுதான் இருந்தது.

இருமி முடித்ததும் மனிதர் சொன்னது இதுதான்: "இப்பத்தான் இடம் தெரிஞ்சுபோச்சே. பாப்பாவுக்கு எடை கம்மி, மரத்துமேல மேலாப்புல போயிடுவா. கூட்டிட்டு வா அவளை."

அக்கா எழுந்தாள். மிச்ச டியூப்கள் கிடந்த இடத்துக்குப் போனாள். அவருடைய பையிலிருந்து வால்வு கழற்றும் சின்னச் சாவியை எடுத்து, மண்டிபோட்டு, ஒவ்வொரு டியூபாக வால்வு பின்னைத் திருகிக் கழற்றினாள். காற்று சீறிக்கொண்டு வெளியேறியது. பின்களை அள்ளி ஆற்றுக்குள் வீசினாள்.

"ஏய், உனக்கென்ன பைத்தியமா?" என்று அவர் கத்தினார்.

"வீட்டுக்குப் போய் தொட்டியில அமுக்கி எங்க ஓட்டைன்னு தேடாதீங்க," என்றாள் அக்கா. "நான்தான் எறக்கினேன். இன்னொரு தடவை இவளத் தண்ணிகிட்ட கொண்டு போனீங்கன்னா, அந்த வீட்டுல நானும் இருக்க மாட்டேன், இவளும் இருக்க மாட்டா."

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் நடந்தாள். கரையில் கிடந்த அவருடைய செருப்பைத் தாண்டி நானும் பின்னாலேயே போனேன்.