நெய்யாற்றின்கரைத் துறைமுகத்தைத் தேடிப் போன கதை

போன சனிக்கிழமை நான் நெய்யாற்றின்கரைக்குப் போனதற்குக் காரணம் ஒரு கோப்பை. நான் மதுரைக்காரன். வேலைக்காக நாகர்கோவில் வந்து மூன்று வருடம் ஆகிறது. எங்கள் திருச்சபையில் நடந்த வினாடி வினாவுக்குக் கேள்வி தயாரித்ததும் கேட்டதும் நான்தான். கடைசிக் கேள்வி: பழைய திருவிதாங்கூரில் நெய்யாற்றின்கரை எதற்குப் பேர்போனது? என் பதில்: துறைமுகம்.

வெள்ளறடை சபை அணியில் வந்த ஷைனி அக்கா எழுந்து, "அங்க கடலே கெடயாது சார். வாரம் ரெண்டு மட்டம் பஸ்ஸில போறவளாக்கும் நான்" என்றார். "வரலாறு வேறு, பஸ் ரூட் வேறு" என்று மைக்கில் சொல்லிக் கைதட்டல் வாங்கினேன். துறைமுகம் என்று சொன்ன எங்கள் அணிக்கு மதிப்பெண் போட்டேன்; அந்த ஒரே ஒரு மதிப்பெண்ணில் கோப்பை எங்கள் சபைக்கே வந்தது.

வெள்ளறடையிலிருந்து புகார் வந்தது. ஞாயிறு ஆராதனைக்குள் ஆதாரம் காட்டு, இல்லையென்றால் சபை முன்னால் தப்பை ஒப்புக்கொண்டு கோப்பையைக் கொடு என்று போதகர் சொல்லிவிட்டார். என் ஆதாரம் ஒரு வீடியோ கேம். நாடு பிடித்து, கோட்டை கட்டி, வரி போட்டு ஆள்கிற ஆட்டம். இரண்டு வருடமாகத் திருவிதாங்கூர் என் கையில் இருக்கிறது. பள்ளியில் பானிபட் போர் எத்தனை என்று கேட்டால் முழித்தவன் நான். இந்த ஆட்டம்தான் எனக்கு வரலாறு சொல்லிக் கொடுத்தது என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டும் இருந்தேன்.

காலை ஏழு மணிக்குப் பாசஞ்சர் ரயில், டிக்கெட் இருபது ரூபாய். பாறசாலையில் காப்பிக்காரர் மலையாளத்தில் விலை சொல்லித் தமிழில் சில்லறை இல்லை என்றார். எட்டேகாலுக்கு நெய்யாற்றின்கரையில் இறங்கி, "துறைமுகம் போகணும்" என்று ஆட்டோவில் ஏறினேன்.

ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். "சாரே, இங்க ஆறுதான் உண்டு. கடலு வேணும்னா பூவாறுக்குப் போணும், பத்து கிலோமீட்டர்."

விடுவேனா? ஆட்டத்திலிருந்து போனில் எடுத்து வைத்திருந்த படத்தைக் காட்டினேன். மதில், கலங்கரை விளக்கம், பன்னிரண்டு கப்பல். அவர் பெரிதாக்கிப் பார்த்தார். "கொள்ளாமே, நல்லாருக்கே. இத யாரு கெட்டினது?"

"நான்தான்" என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. ஆட்டத்தின் வரைபடம் சின்னது, ஊர் கடலை ஒட்டி நின்றது. ஆட்டம் ஆரம்பித்த புதிதில் அங்கே துறைமுகத்தைக் கட்டியது நானேதான். கட்டியதை மறந்து, அதையே வரலாறாகப் படித்து, அதில் கேள்வியும் எடுத்திருக்கிறேன். வெட்கமாகப் போய்விட்டது. ஓட்டுநர் மட்டும் ரொம்ப மரியாதையாக, "அப்ப சாரு எஞ்சினியரா?" என்று கேட்டார்.

ஷைனி அக்காவிடமே சொல்லிவிடலாம் என்று கிளம்பினேன். பெருங்கடவிளை வழியாக வெள்ளறடைக்குப் பஸ், ஒரு மணி நேரம். இரண்டு பக்கமும் ரப்பர் தோட்டம். சந்திப்பில் ஷைனி அக்காவின் தையல் கடையைக் கண்டுபிடிப்பது சுலபம். நடந்ததைச் சொன்னேன். தையல் மெஷினை நிறுத்திவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"அப்ப வெள்ளறடையில என்னத்த கெட்டி வச்சிருக்கீரு?"

"அங்கே வெறும் காடுதான், அக்கா."

"நல்ல ராஜாவு. கப்பு நாளைக்கு வருமா மக்கா?"

வந்தது. நான்தான் சபை முன்னால் நின்று தப்பைச் சொல்லி அவர் கையில் கொடுத்தேன். காது சூடாகிவிட்டது. ஆனால் அன்று மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன்.

போகிறவர்களுக்கு: நெய்யாற்றின்கரையில் ஆறு இருக்கிறது, கடல் இல்லை. வெள்ளறடை பஸ்ஸில் ஜன்னலோர இடம் பிடியுங்கள். ஆட்டத்தில் படித்த எதையும் மைக்கில் சொல்லும் முன், அதைக் கட்டியது நீங்கள்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஷைனி அக்கா அந்த ஆட்டத்தின் பெயரைக் கேட்டு வாங்கிப் போயிருந்தார். நேற்று ஃபோன் செய்தார். "சார், நாகர்கோவிலப் பிடிச்சாச்சு. கப்பல்லயாக்கும் வந்தோம்."

எந்தத் துறைமுகத்திலிருந்து என்று கேட்டேன்.

"நெய்யாற்றின்கரை" என்றார்.