கேன் தண்ணி ஏழுமலை

ஏழுமலை செத்துப்போனான்.

நேற்று மத்தியானம் மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தவன் அப்படியே பாத்திக்குள் குப்புற விழுந்திருக்கிறான். தூக்கிக் கரையில் போடும்போதே உயிர் இல்லையாம்.

கமெண்டில் யாரும் "நல்ல மனுஷன்" என்று எழுத வேண்டாம். அவன் நல்ல மனுஷன் இல்லை. எனக்கு அவனைக் கண்டாலே ஆகாது. அவனுக்கும் என்னை அப்படித்தான்.

ஈ.சி.ஆர். ரோட்டில் கார்களுக்கு வெளி வேலை பார்க்கிற ஒரு ஷெட்டில் ரெண்டு பேரும் ஒன்றாக இருந்தோம். பம்பர், கதவுக்குக் கீழே ஓடுகிற கறுப்பு பிளாஸ்டிக் பட்டி, வீலுக்கு மேலே இருக்கிற வளைவு... இதையெல்லாம் கழற்றிப் புதுசு மாட்டுவோம். கடல் காற்றில் அந்தக் கறுப்பு சீக்கிரம் வெளுத்துவிடும். அதனால் வேலைக்குப் பஞ்சமே இல்லை.

அதில் ஏழுமலை கில்லாடி. அதை மறைக்க முடியாது. ஹீட் கன்னால் லேசாகச் சூடு காட்டுவான். மீன் பிடிக்கிற நரம்பைப் பட்டிக்கும் கதவுக்கும் நடுவில் விட்டு, ரெண்டு கையாலும் அப்படி இப்படி இழுப்பான். பட்டியைக் கதவோடு ஒட்டியிருக்கிற பழைய டேப் அறுந்து பட்டி முழுசாகக் கையில் வரும். பெயிண்டில் ஒரு கீறல் இருக்காது.

ஆனால் புத்தி...

பட்டியின் முனைகளில் சின்னச் சின்ன கிளிப் இருக்கும். அவசரப்பட்டு இழுத்தால் உடைந்துவிடும். யார் உடைத்தாலும் அந்தத் துண்டை எடுத்து, உடைத்தவனுடைய சாப்பாட்டு டப்பாவில் சோற்றுக்குள் புதைத்து வைப்பான். அவன் வாயில் போட்டுக் கடிக்கிற வரைக்கும் எதிரிலேயே உட்கார்ந்து பார்ப்பான்.

"மெல்லு. நல்லா மெல்லு. அப்பதான் கை ஒழுங்கா வேல செய்யும்."

அவனைத் தவிர ஷெட்டில் ஐந்து பேர். ஐந்து பேரும் கடித்திருக்கிறோம்.

இன்னொன்று, கேன் தண்ணி. எங்கள் ஷெட்டில் போர் தண்ணி ஒரே உப்பு. அதில் துடைத்தால் காய்ந்ததும் கண்ணுக்குத் தெரியாமல் உப்பு படிந்துவிடும், புது டேப் பிடிக்காது என்பான். டேப் ஒட்டுகிற இடத்தைக் கேன் தண்ணியில்தான் துடைக்க வேண்டும். நாங்கள் குடிக்க ஒரு டம்ளர் எடுத்தாலும் கத்துவான். அதனால் அவனுக்கு "கேன் தண்ணி" என்றே பேர். வைத்தவன் நான்.

அப்புறம் அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வந்தது.

சென்னைக்காரர் ஒருத்தருடையது. ரெண்டு பக்கமும் கீழ்ப் பட்டி மாற்றிக்கொண்டு பாண்டிச்சேரி போக வேண்டும் என்று காத்திருந்தார். அந்த அவசரத்தில் ஒரே இழுப்பில் மூன்று கிளிப்பை உடைத்தேன். மத்தியானம் மூன்றும் என் சோற்றில் இருந்தன. ஒன்று குத்தி ஈறு கிழிந்தது. எல்லோரும் சிரித்தார்கள்.

"கதவ தொடச்சு வைடா. நான் துன்னுட்டு வந்து டேப் ஒட்டிக்கிறேன்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

கேன் பக்கத்திலேயே இருந்தது, முழுசாக. நான் போர் தண்ணி பக்கெட்டில் துணியை நனைத்தேன். வேண்டுமென்றேதான்.

சாயங்காலமே கார் திரும்பி வந்தது. ஆரோவில் திருப்பத்துக்கு முன்னால் ஒரு பட்டி பிய்ந்து பறந்து, பின்னால் வந்த லாரி அதன் மேல் ஏறியிருக்கிறது. கார் ஓனர் எங்கள் முதலாளியிடம் தாம் தூம் என்று குதித்தார்.

ஏழுமலை கதவுக்குக் கீழே விரலால் தேய்த்து நாக்கில் வைத்தான். என்னைப் பார்த்தான்.

"உப்பு கரிக்குது மொதலாளி. போர் தண்ணில தொடச்சிருக்கான்."

"யார்ரா தொடச்சது?"

"ஏழுமலதாங்க," என்றேன்.

மற்ற நாலு பேரும் தலையாட்டினார்கள். அவர்களுக்கு உண்மை தெரியும். அவர்கள் பல்லும் மறந்திருக்காது.

"கேன் தண்ணி கேன் தண்ணின்னு உயிர வாங்கினியே, கடசில நீயே பண்ணிட்டியா? கெளம்பு."

ஏழுமலை எங்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுப் போனான். நரம்புச் சுருளை மறந்து விட்டுவிட்டான். தீர்கிற வரைக்கும் அதை வைத்துத்தான் நான் வேலை பார்த்தேன்.

பட்டி பறந்த கதை ஷெட் ஷெட்டாகப் போனது. போக வைத்ததும் நான்தான். திண்டிவனம் வரைக்கும் யாரும் அவனை வேலைக்குச் சேர்க்கவில்லை. உப்பளத்துக் கூலிக்குப் போனான்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பக்கம் காரில் போனபோது, ரோட்டோரம் உப்புக் குவியல் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். ஹாரன் அடித்தேன். கிண்டலுக்குத்தான்...

ஒரு கை உப்பை அள்ளிக் கண்ணாடி மேல் வீசினான். வைப்பர் போட்டேன். கோடு விழுந்தது. இன்னும் இருக்கிறது.

இன்று காலையில் சாவுக்குப் போனேன். போகிற வழியில், என்ன தோன்றியதோ, ரெண்டு கேன் தண்ணி வாங்கி டிக்கியில் போட்டுக்கொண்டேன்.

குளிப்பாட்டுவதற்கு டிரம்மில் போர் தண்ணிதான் பிடித்து வைத்திருந்தார்கள். பழைய ஷெட் ஆள் ஒருத்தன் என் காதோரம் வந்தான்.

"டேய், இப்ப எழுந்து கேன் தண்ணி கேக்கப் போறான் பாரு."

சிரித்துவிட்டேன். ஏழுமலையின் பொண்டாட்டி திரும்பிப் பார்த்தாள்.

அதற்கப்புறம் எந்த முகத்தோடு போய் கேனை இறக்குவது...

போர் தண்ணியே ஊற்றினார்கள். துடைத்து, காயவிட்டு, நெற்றியில் சந்தனம் வைத்து ஒரு ரூபாய் காசை ஒட்டினார்கள். விழுந்தது. மறுபடி ஒட்டினார்கள். மறுபடியும் விழுந்தது.

"ஏன் ஒட்ட மாட்டேங்குது?" என்று அவள் ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்துக் கேட்டாள்.

பழைய ஷெட் ஆட்கள் எல்லோரும் அங்கேதான் நின்றோம். கடைசியில் அவளே காசை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், தூக்குகிற வரைக்கும்.

கேன் ரெண்டும் இன்னும் டிக்கியில்தான் கிடக்கின்றன.

போ ஏழுமலை. போகிற இடத்திலாவது யார் சோற்றிலும் கிளிப் போடாதே.